பிரேக் கால்

ஷூ கடைக்கு வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவானா, வந்துவிட்டேன், கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்ட பிறகுதான் உறைத்தது, உள்ளே எல்லாரும் காலில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நான் மட்டும் கோயிலுக்குள் வந்தவன் மாதிரி வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நிற்கிறேன். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வரலாமா. வேண்டாம், போனால் இன்னும் கேவலம். முப்பத்தொரு வருஷப் பழக்கம், வண்டியில் ஏறியதும் முதலில் செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் தள்ளுவேன், பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், அதற்குப் பிறகுதான் சாவி. முக்கியமான எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் கால் தானாகக் கழற்றிவிடுகிறது. கடைப்பெண் வந்தாள், சட்டையில் பிருந்தா என்று பட்டை குத்தியிருந்தது, என் முகத்தைப் பார்க்கும் முன்பு காலைத்தான் பார்த்தாள். "செருப்பை எங்க விட்டீங்க சார்?" "வெளியிலம்மா." "அய்யோ, போட்டுட்டே வரலாங்க சார், இங்க யாரும் திட்ட மாட்டோம்." சிரித்தாள், ஏளனமில்லாத சிரிப்பு, வெள்ளந்தியான பிள்ளை. "வாக்கிங்குக்குப் பாக்கறீங்களா?" நரைத்த தலையைக் கண்டால் எல்லாருக்கும் வாக்கிங்தான். "இல்லம்மா, ஜிம்முக்கு. ஓடறதுக்கும் வேணும்." சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, நிமிரட்டும். "வெறுங்கால்ல நிக்கற மாதிரியே இருக்கற ஷூ ஒண்ணு வருதாமே, அது." அவள் புருவம் ஏறியது. அதைக் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் இருபது வயசுப் பையன்களாக இருப்பார்கள் போல. "இருக்குதுங்க சார். அதுக்கு அடி ரொம்ப மெல்லிசு. ஒண்ணு கேட்டுக்கறேன், சுகர் இருக்குங்களா?" "இல்லை" என்றேன்.

ஏன் இல்லை என்றேன். ஆறு வருஷமாக இருக்கிறது. காலையில் ஒன்று இரவில் ஒன்று மாத்திரை, கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன், கண்ணைக் காட்டுகிறேன், சர்க்கரையில் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன காலை மட்டும் காட்டவில்லை. "ஒண்ணும் வலிக்காது மாரப்பன், மெல்லிசா ஒரு நைலான் நரம்பு, அதை உள்ளங்கால்ல அங்கங்க வெச்சுத் தொடுவாங்க, தெரியுதா இல்லையான்னு நீங்க சொல்லணும், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். நரம்புக்கு நான் பயப்படவில்லை. தெரியவில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்றுதான் பயம், அதுவும் வலது காலைப் பற்றி. இன்றைக்குத் தெரியவில்லை என்றால் எப்போதிலிருந்து தெரியவில்லை. மாத்திரை ஆரம்பித்துத்தான் ஆறு வருஷம், சர்க்கரை எப்போது வந்தது என்று யார் கண்டார்கள், ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது, அதற்கு முன்பே வந்திருந்தால், அந்த வளைவில் வண்டி நின்ற அன்றைக்கும் வந்திருந்தால். அந்த வளைவுக்குப் போகாதே. ஷூவைப் பார்.

மூன்று பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். முதல் ஜோடியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஐந்து விரலுக்கும் தனித்தனியாக உறை, குரங்கின் கால் மாதிரி, இதைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் நடந்தால் நாய் வேறு ஊருக்குப் போய்விடும். "இது வேண்டாம்மா, விரலுக்கெல்லாம் சட்டை தெச்சாப்பல இருக்குது." "நெறைய பேரு அதைத்தான் கேக்கறாங்க சார்." "கேக்கட்டும்." இரண்டாவது கறுப்பு, சாதாரண ஷூ மாதிரிதான் தெரிந்தது, அவள் அதைக் கையில் எடுத்து வெற்றிலையைச் சுருட்டுவது போலச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினாள், விட்டதும் விரிந்துகொண்டது. முன்பக்கம் அகலம், விரல்கள் விரிந்து உட்கார இடம் இருந்தது, குதிகால் பக்கம் உயரமே இல்லை, முன்னும் பின்னும் ஒரே மட்டம். மூன்றாவதும் அதே மட்டம்தான், அடியில் மட்டும் ஒரு சப்பாத்தி கனத்துக்கு மெத்து. பிள்ளை விவரமாகச் சொன்னாள், ஜிம்மில் எடை தூக்க மெல்லிசு நல்லது, ஓட ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் மெல்லிசைப் போட்டுக்கொண்டு நாலு கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து. நான் தலையை ஆட்டினேன், புது வண்டியை முதலில் மெதுவாக ஓட்டி ரன்னிங்-இன் பண்ணுகிற மாதிரி, இது எனக்குத் தெரியாததா. என்னிடம் இருப்பது சுகந்தி வாங்கிக் கொடுத்தது, மகள் அப்பனுக்கு வாங்கிக் கொடுத்த ஷூவைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் அது ஷூ இல்லை, காலுக்குக் கீழே இலவம்பஞ்சுத் தலையணை. ஜிம்மில் போய் முதல் மூன்று மாதம் வெறுங்காலோடுதான் தூக்கினேன். தினகர் மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான், ஒருநாள் இரும்புத் தட்டு ஒன்று யார் காலிலோ விழுந்து நகம் போனதும் சட்டம் போட்டுவிட்டான். "டிரைவரய்யா, கோவிச்சுக்காதீங்க, ஷூ இல்லாம உள்ள வரப்படாது. உங்க காலு இரும்புன்னு எனக்குத் தெரியும், தட்டுக்குத் தெரியாதில்ல." தலையணையை மாட்டிக்கொண்டு தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுந்தேன், பாதி எழுந்தபோது ஆடிவிட்டேன், காலுக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு பையன்கள் ஓடிவந்து கம்பியைப் பிடித்தார்கள், "பாத்துங்க தாத்தா" என்றான் ஒருவன். அதுவரைக்கும் ஐயா என்றவன்தான். எண்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறவன் நான், இந்தக் கோயமுத்தூரில் என் வயசில் எத்தனை பேர் தூக்குவார்கள், எண்ணிச் சொல்லுங்கள்.

கறுப்பை வாங்கி மாட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்தபடி குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மெதுவாக அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன், கொஞ்சம் அழுத்திப் பாதியில் நிறுத்திப் பிடித்தேன். முழுக்க அழுத்த யாருக்கும் தெரியும், பாதியில் பிடிப்பதுதான் வேலை, ஏற்றத்தில் நிறை பாரத்தோடு நிற்கும்போது முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். "சார், என்ன பண்றீங்க?" பிருந்தா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டுப் பாக்கறேன்." "உக்காந்துட்டே எப்படிங்க சார் தெரியும்? நின்னு நடந்து பாருங்க. அப்புறம், எதுக்கு வலதுல மட்டும் போட்டிருக்கீங்க? இன்னொரு காலுக்கு?" குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாகவே கிடக்கிறது, அதன் ஷூ பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறது, அப்படி ஒரு கால் எனக்கு இருப்பதே மறந்துவிட்டது. "டிரைவருங்களா?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, "எங்க பெரியப்பாவும் செருப்பு வாங்க வந்தா இப்படித்தான் அமுத்திப் பாப்பாருங்க, லாரி" என்றாள். லாரி வேறு பஸ் வேறு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அறுபது உயிர் பின்னால் உட்கார்ந்து தூங்கும், வாந்தி எடுக்கும், சண்டை போடும், அத்தனையும் வலது காலை நம்பி. மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரூட்டில் பத்தொன்பது வருஷம். காக்கிச் சட்டையோடு ஷூவும் கொடுப்பார்கள், பளபளவென்று வைத்திருப்பேன், வைத்திருப்பேன் அவ்வளவுதான். செக்கிங் அதிகாரி ஒருவர் ஏறி, "யூனிஃபார்ம்ல ஷூ எங்கேய்யா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பு கண்டக்டர் நஞ்சுண்டன் பின்னால் இருந்து கத்தினான், "சார், எங்க டிரைவருக்குக் கண்ணு ரெண்டும் கால்ல இருக்குதுங்க, ஷூ போட்டா குருடாயிருவாரு." வண்டியே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். நஞ்சுண்டன் அதை அதற்குப் பிறகு ஊரெல்லாம் சொன்னான், பிரேக் கால் மாரப்பன் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு உயிருக்கு ஒரு கீறல் கிடையாது, ரிட்டயர் ஆன அன்றைக்கு மேடையில் ஏற்றிப் பித்தளைக் கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயம் கூடத்தில் இருக்கிறது, எட்டு வருஷமாகத் தினமும் துடைக்கிறேன், துடைக்கும்போது அதில் தெரிகிற என் முகத்தை மட்டும் நேராகப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரி துளசிமணி இருந்தால் இப்போது என்ன சொல்வாள். வெறுங்காலோட திரிஞ்ச மனுஷன் வெறுங்கால் மாதிரி இருக்குதுன்னு ஒண்ண வாங்கி மாட்டறாரு பாருங்க என்று பிருந்தாவிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு அப்படியே நின்றுவிடுகிறது, அதனால்தான் ஜிம்முக்குப் போனேன், சுகந்தியிடம் டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன். நான் ஆள் வைத்துப் படித்தவன் இல்லை. ஐந்தாவதோடு நின்று லாரியில் கிளீனராகப் போனவன், எட்டாவதைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ணினால்தான் அரசு பஸ்ஸில் எடுப்பார்கள் என்று தெரிந்ததும், கல்யாணமான புதிதில், இருபத்தாறு வயசில் புத்தகத்தைத் தூக்கினேன். கணக்கு வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. மத்தியானம் லோடு இறக்கிவிட்டு வந்து பாயில் காலை நீட்டினால் கண் சொக்கும். அவள் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு காலடியில் உட்காருவாள். "ஏனுங், தூங்காதீங்க, இது என்ன எழுத்து?" உள்ளங்காலில் குச்சி ஓடும், கூசும். "பி." "தப்பு! டி-ங்க அது. இந்தக் காலை வெச்சுத்தான் பஸ் ஓட்டப் போறாராம், பிக்கு ரெண்டு வயிறு, டிக்கு ஒரு வயிறு, அந்த வித்தியாசம் தெரியல." உள்ளங்காலில் பட்டென்று ஒரு அடி. தப்பாகச் சொன்னால் அடி, சரியாகச் சொன்னால் அடுத்த எழுத்து. இருபத்தாறு எழுத்தையும் நான் காலால்தான் படித்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் பாஸ் பண்ணினேன். வேலை வந்த பிறகும் அந்த விளையாட்டு நிற்கவில்லை, தமிழுக்கு மாறிவிட்டது, அவளுக்குப் பிடித்தது ழ. விரலுக்குக் கீழே ஆரம்பித்து, சுழித்து, வாலைக் குதிகால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வளைப்பாள், கால் முழுக்க ஒரே எழுத்து. வாரம் ஒருமுறை கல்லை வைத்துக் குதிகாலைத் தேய்ப்பாள், "இது காலுங்களா ஆட்டுக்கல்லுங்களா, கல்லுத்தான் தேயுது." பிறகு எப்போதோ, எந்த வருஷம் என்று எனக்குப் பிடிபடவில்லை, ழ போடுவதை விட்டுவிட்டாள். சின்னச் சின்ன எழுத்து, ப, ட, ர, எல்லாம் விரலுக்குப் பக்கத்திலேயே, குச்சியைத் தூக்கித் தூக்கி வைத்து. "ஏன் புள்ள, ழ போடறதில்ல இப்பல்லாம்?" "கை வலிக்குதுங்க." நானும் நம்பினேன், அவளுக்கும் வயசாகிறது. அப்போதிலிருந்து அவள் தப்பு என்றே சொன்னதில்லை. நான் எதைச் சொன்னாலும் சரி. ட. சரி. ப. சரி. அவள் போன பிறகுதான் ஒருநாள் கேடயத்தைத் துடைக்கும்போது தோன்றியது, ஒரு மனுஷன் எத்தனை தடவை தொடர்ந்து சரியாகச் சொல்வான். கால் செத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோய், என் மனசு நோகக் கூடாது என்று சரி சரி என்று சொல்லிவிட்டாளா. கேட்க ஆள் இல்லை. இந்த ஒரு கேள்விதான் நாலு வருஷமாகச் செருப்புக்குள் மாட்டிய சிறுகல் மாதிரி.

வளைவுக்குப் போகாதே என்றாலும் சாலை அங்கேதான் போகிறது. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது, கோத்தகிரியிலிருந்து இறங்குகிறேன், மழை நின்று மேகம் ரோட்டில் படுத்திருக்கிறது, இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு இறங்குகிறது. வளைவு திரும்பியதும் தேயிலைக்குள்ளிருந்து ஒரு அம்மாள் தலையில் விறகுக் கட்டோடு ரோட்டுக்கு வந்துவிட்டாள். வண்டி நின்றது. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண். அந்த அம்மாள் கத்தவும் இல்லை, பதறவும் இல்லை, ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வண்டியின் மூக்கை மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் ஒரே கைதட்டல். "பாத்தீங்களா எங்க டிரைவரு காலை!" என்று நஞ்சுண்டன் கத்துகிறான், "டிக்கெட் எடுக்காதவனெல்லாம் எடுத்துருங்கப்பா, உசுரு மிஞ்சிருக்குது." எனக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாளைப் பார்த்த உடனே நான் குனிந்து காலைப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் அதற்கு முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை, சோறு சாப்பிடுகிறவன் வாய் எங்கே என்று கண்ணாடியில் தேடுவானா. அன்றைக்குத் தேடினேன். காலுக்குக் கீழே தரை இல்லை, வண்டியின் தகடு இல்லை, கால் எங்கேயோ அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தேன், அதற்குள் வண்டி நின்றிருந்தது. மறுவாரம் டிப்போவில் போய், மலைக் குளிர் நெஞ்சில் கட்டுகிறது, சமதள ரூட் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நஞ்சுண்டன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "பிரேக் காலு கீழ எறங்கிருச்சு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை, துளசிமணியிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த மாதங்களை அன்னூர் சமதள ரோட்டில் ஓட்டிக் கேடயம் வாங்கினேன். நான் நிறுத்தினேனா, தானாக நின்றதா. கேடயம் எனக்கா, அதிர்ஷ்டத்துக்கா.

"சார், ரெண்டுலயும் போட்டு வெளிய கொஞ்சம் நடந்து பாக்கறீங்களா? வெளிய விடக் கூடாதுன்னுதான் ரூல், நீங்க ஓடியா போயிருவீங்க?" "ஓடறதுக்குத்தானம்மா வாங்கறேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி கதவைப் பிடித்தாள். வாசலில் என் பழைய செருப்பு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது, தாண்டி இறங்கினேன். நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல் வரிசை, நேராகப் போகிற இடத்தில் கோடு கோடாக, திரும்புகிற இடத்தில் புள்ளி புள்ளியாக. இத்தனை நாள் இதன்மேல் பைக் நிறுத்தியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினேன். வெயில் இமைக்குமேல் சிவப்பாக நின்றது, ஒரு பஸ் கியர் மாற்றுகிற சத்தம், மூன்றிலிருந்து நாலு, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். இடது காலை வைத்தேன். கோடு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அடி முழுக்கத் தெரிகிறது, ஷூ போட்ட மாதிரியே இல்லை. வலது காலை வைக்க வேண்டும். வைக்கவில்லை. பிருந்தா பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த ஆள் ஏன் கொக்கு மாதிரி நிற்கிறான் என்று நினைப்பாள். தெரியவில்லை என்றால் உள்ளே போய்த் தலையணையையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கேடயத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வைத்தேன். புள்ளி. கோடு இல்லை, புள்ளி, கல் மாறிவிட்டது, பெருவிரலுக்குக் கீழே ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, சுண்டுவிரல் ஓரத்தில் ஒன்று, முன்பாதத்தில் உளுந்தைக் கொட்டி வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பாரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோனேன். குதிகாலில் ஒன்றும் இல்லை. புள்ளியும் இல்லை, கல்லும் இல்லை, அந்தரம். மறுபடியும் முன்னுக்கு, புள்ளி. பின்னுக்கு, அந்தரம். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றேன். ஆட்டுக்கல்லு. இன்ஜின் சூட்டில் காய்கிற தகட்டில் முப்பத்தொரு வருஷம் ஊன்றியிருந்த குதிகால், இடது கால் கிளட்சுக்கு ஏறி இறங்கி அலைந்துகொண்டிருந்தது, வலது குதிகால்தான் அந்தச் சூட்டில் ஒரே இடத்தில் நின்று வெந்தது, காய்த்துக் காய்த்துத் தோல் கல்லாகிவிட்டது. அன்றைக்கு வளைவில் காணாமல் போனது அதுதான், தரை இல்லை என்று சொன்னது குதிகால். குனிந்து பார்த்தேனே, என்ன பார்த்தேன், எட்டு வருஷமாகக் குனிந்து பார்த்தேன் என்பதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே பார்த்தது என்னவென்று நினைக்கவே இல்லை. என்ன பார்த்தேன் என்றால், முன்பாதம் பிரேக்கின்மேல் இருந்தது, அடிவரைக்கும் அழுத்தியிருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. கண் போய்ச் சேர்வதற்கு முன்பே கால் போய்ச் சேர்ந்திருந்தது. நான்தான் நிறுத்தினேன். அடி துளசிமணி. நீ பொய் சொல்லவில்லை. குதிகாலுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று என்னைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டு, வாலை அங்கே இழுத்துக்கொண்டு போகிற எழுத்தை விட்டுவிட்டு, எனக்குத் தெரிகிற இடத்தைத் தேடித் தேடி, அங்கே அடங்குகிற எழுத்தாகப் பார்த்து எழுதினாய். நான் சரியாகச் சொன்னேன், அதனால் சரி என்றாய். கை வலி என்று சொன்னது மட்டும்தான் பொய்.

கண்ணைத் திறந்தால் வெளிச்சம் கூசியது, அதனால்தான் கண்ணில் தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. பிருந்தா கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். "என்னாச்சுங்க சார், ரொம்ப மெல்லிசா இருக்குதா?" "இல்லம்மா, சரியா இருக்குது. உன்கிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். சுகர் இருக்குது, ஆறு வருஷமா." அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், பெருமூச்சு விட்டாள். "எங்க அப்பாவும் இப்படித்தாங்க, மாத்திரை டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டே இல்லைம்பாரு. கால் டெஸ்ட் எடுத்தீங்களா?" "திங்கக்கிழமை எடுக்கறேன்." சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது திங்கட்கிழமை என்று. நைலான் நரம்பு வரட்டும், முன்பாதத்தில் வைக்கட்டும், நான் எழுத்தையே சொல்லியிருக்கிறேன், ஒரு புள்ளியைச் சொல்ல மாட்டேனா. குதிகாலில் வைத்தால் தெரியவில்லை என்பேன், வாய் நிறையச் சொல்வேன், அது தெரியாமல் போன கதை என்னிடம் இருக்கிறது. பிருந்தா யோசித்துவிட்டு, "அப்ப இப்படிப் பண்ணலாங்க, கறுப்பை ஜிம்முக்கு எடுத்துக்கங்க, உள்ளதானே, தரையும் சுத்தமா இருக்கும். ஓடறதுக்கு டாக்டர் சரின்னா வந்து மெத்து வெச்சதை வாங்கிக்கலாம், அளவை எழுதி வெச்சுக்கறேன். தெனம் உள்ளங்காலைக் கண்ணாடி வெச்சுப் பாத்துருங்க, முள்ளு கிள்ளு இருந்தாத் தெரியாது." கெட்டிக்காரப் பிள்ளை, நல்ல கண்டக்டராக வந்திருப்பாள். "டாக்டர் சரிம்பாங்க, நீ எடுத்து வெய்யி" என்றேன். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் இரண்டு சுற்று ஓடுகிறவன் நான், தலையணை மேலேயே இரண்டு சுற்று. பில் போடுவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை உட்காரச் சொன்னாள், காலுக்கு முன்னால் மண்டியிட்டாள், எனக்குக் கூச்சமாக இருந்தது, காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. "விரலுக்கு எடம் இருக்குதான்னு பாக்கணுங்க சார், நான் எங்க அமுத்தறேன்னு சொல்லுங்க, அப்பத்தான் எனக்குத் தெரியும்." வலது ஷூவின்மேல் அவள் விரல் எங்கேயோ அழுந்தியது. எதிர்ச் சுவரில் ஒருவன் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய படம் ஒட்டியிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பெருவிரல்" என்றேன். "சரிங்க. இப்ப?" "அதுக்கு அடுத்ததோட ஓரம்." "சரிங்க. இப்ப?" "சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஷூவைத்தான் தொடறே, என்னைத் தொடல." "அட, சரிங்க சார்" என்றாள் பிருந்தா. நான் குனிந்து பார்க்கவே இல்லை.